புன்செய்க் கணக்கு

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் இவ்வாண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. வழக்கமான சர்க்கரைப் பொங்கலோடு குதிரைவாலி அரிசியில் ஆக்கிய வெண்பொங்கலும் இலையில் இடப்பட்டது. பெரியவர்கள் பழைய நினைவோடு உண்டார்கள். பிள்ளைகள் பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே உண்டார்கள். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இது உங்கள் ஊர்ப் பக்கம் விளைகிற தானியம்தானே? உங்கள் தகப்பனாரிடம் சொல்லி ஒரு மூட்டை வரவழைக்கக் கூடாதா? கடையில் கிலோ நூற்றைம்பது ரூபாய் கேட்கிறார்கள், ஐயா!" என்றார்.

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். விளக்கிச் சொல்ல அங்கே நேரமில்லை என்பது ஒரு காரணம். சொன்னால் தலைகுனிய நேரும் என்பது மற்றொரு காரணம். அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மிகுதியாகப் படித்தவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவன். சோலாப்பூருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சரக்கு அலுவலகத்தில் மூட்டைக் கணக்கும் வாடகைக் கணக்கும் எழுதுவதே என் உத்தியோகம். ஆகவே பொருளாதார நூல்களில் உள்ளபடி இப்பொருளை ஆராய எனக்குத் தகுதியில்லை. வரவு செலவு எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

என் தந்தையாருக்கு மதுரை மாவட்டம் பேரையூர் வட்டாரத்தில் மூன்று ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. கிணறு இல்லை, வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து தை மாதம் வீடு வந்து சேரும். என் இளமையில் அந்நிலத்தில் சோளம், குதிரைவாலி, பருத்தி, ஊடே உளுந்தும் பாசிப்பயறும் இருந்தன. இப்போது எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமே நிற்கிறது. அது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. நிலத்தை உழுகிறவர்கள் ரேஷன் அரிசியை உண்கிறார்கள்.

இந்நிலையில் 2023ஆம் ஆண்டு வந்தது. இந்தியாவின் வேண்டுகோளை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை அவ்வாண்டைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்திருந்தது. நம் மத்திய அரசு அதற்கு முன்பே, 2018இல், இத்தானியங்களுக்குப் பெயர் மாற்றம் செய்திருந்தது. அதுவரை ஆங்கிலத்தில் 'முரட்டுத் தானியம்' என்று பொருள்படும் பெயரால் வழங்கியவை, அன்று முதல் 'ஊட்டத் தானியம்' ஆயின. செய்தித்தாளைப் பிரித்தால் கம்பு. தொலைக்காட்சியைத் திறந்தால் தினை. கொள்வாரின்றிக் கிடந்த பொருளுக்கு இனி நல்ல காலம் என்று நானும் நம்பினேன். அன்று இரவே தந்தையாருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"அப்பா, இந்தப் புரட்டாசிக்கு இரண்டு ஏக்கரில் குதிரைவாலி போடுங்கள். இங்கே கடையில் தங்கமாய் விற்கிறது. மக்காச்சோளம் போட்டுப் பூச்சி மருந்துக்கு அழுதது போதும்" என்றேன்.

தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்குகிறவன் யார் என்று விசாரித்தாயா?" என்று கேட்டார்.

"விளைந்தால் தேடி வருவார்கள், அப்பா" என்றேன்.

நான் செய்த பிழை அந்த ஒரு வாக்கியந்தான். அவர் விதைத்துவிட்டார். மகன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான், நாலும் தெரிந்து சொல்கிறான் என்ற எண்ணம் அவருக்கு.

விளைச்சல் மோசமில்லை. இரண்டு ஏக்கரில் ஒன்பது குவிண்டால் கிடைத்தது. தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் தந்தையார் எழுதி வைத்திருந்த கணக்கைக் கண்டேன். உழவுக்கு 5,200 ரூபாய், விதைக்கு 600, தொழுவுரத்துக்கு 1,800, களையெடுப்புக்கு 6,000, அறுப்புக் கூலி 6,400, கதிர் அடிக்க 2,400, சாக்கும் வண்டிச் சத்தமும் 900. ஆகச் செலவு 23,300 ரூபாய். கிலோ 26 ரூபாய் வீதம் கமிஷன் கடையில் போட்டதில் வரவு 23,400 ரூபாய். மிச்சம் நூறு ரூபாய். நான்கு மாதம் அவரும் என் தாயாரும் காட்டில் பட்ட பாட்டுக்குக் கூலி எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த நூறும் நின்றிராது.

பக்கத்துப் புன்செயில் அதே இரண்டு ஏக்கருக்கு மக்காச்சோளம் போட்ட உறவினருக்கு, செலவெல்லாம் போக இருபதாயிரத்துக்கு மேல் நின்றது. அவர் தந்தையாரைப் பார்த்து ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லவில்லை. தந்தையாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தாளாவது மாட்டுக்கு ஆயிற்று" என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். ஊர் திரும்பியதும் பத்தாயிரம் ரூபாய் அனுப்பினேன். அதை என் தங்கை மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

சோலாப்பூருக்குத் திரும்பிய வாரத்தில், கடையொன்றில் அரைக் கிலோ குதிரைவாலி அரிசிப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். விலை 75 ரூபாய். அதாவது கிலோ 150. என் தந்தையாருக்குக் கிடைத்ததோ 26. இடையில் நிற்பவன் எவனோ அவன் கொள்ளைக்காரன் என்று அன்று முழுதும் கொதித்துக்கொண்டிருந்தேன். இரவு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்குப் போடப் போட என் கோபம் சிறிது சிறிதாகத் தணிந்தது.

குதிரைவாலி உமியோடு விளைவது. உமி நீக்கினால் நூறு கிலோவுக்கு ஏறத்தாழ அறுபது கிலோ அரிசியே நிற்கும். எனவே 26 ரூபாய்த் தானியம், அரிசியாகும்போதே 43 ரூபாய் ஆகிவிடுகிறது. நெல் அரைக்கும் ஆலையில் இதை அரைக்க இயலாது. மணி சிறிது, நழுவிவிடும். இதற்கென்று தனி இயந்திரம் வேண்டும். கல் பொறுக்க வேண்டும். குருணை கழிய வேண்டும். இவற்றுக்கான ஆலைகள் விளையும் ஊரில் இல்லாமல் தொலைவில் இருப்பதால் லாரி வாடகை இருமுறை ஏறுகிறது. உமியோடு இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாத தானியம், உமி நீங்கிய சில மாதங்களிலேயே வண்டு வைத்துவிடும். கடைக்காரர் பத்துப் பொட்டலம் வாங்கினால் இரண்டு விற்காமல் வீணாகிறது. அந்த இரண்டின் விலையும் மற்ற எட்டின் தலையில் ஏறுகிறது. இதில் ஒரே ஆள் கொள்ளையடிக்கிறான் என்று யாரையும் சுட்ட முடியவில்லை. எல்லாரும் சிறிது சிறிதாக எடுக்கிறார்கள். எல்லாருடைய வாணிபமும் சிறிதாகவே இருக்கிறது. கொஞ்சமாக நடப்பதால் விலை கூடுகிறது. விலை கூடுவதால் கொஞ்சமாகவே நடக்கிறது. இந்த முடிச்சே சிறுதானியத்தின் நோய் என்று அன்றிரவு விளங்கியது.

இதற்கு மாறான காட்சியை நான் அலுவலகத்தில் அடிக்கடி காண்கிறேன். உணவு தானியம் ஏற்றிய முழுச் சரக்கு வண்டி ஒன்றில் 42 மூடிய பெட்டிகள் இருக்கும். ஏறத்தாழ 2,600 டன் பிடிக்கும். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 52,000 மூட்டைகள். அவ்வளவும் கோதுமையாகவோ அரிசியாகவோ இருக்கும். விளைவித்தவனுக்கு வாங்குகிறவன் உறுதி, வாங்கியதைச் சுமக்க வண்டி உறுதி, சுமந்ததை வைக்கக் கிடங்கு உறுதி, உண்பவனுக்கோ இலவசம். இந்த ஒன்பது ஆண்டுகளில் குதிரைவாலிக்கென்று ஒரு பெட்டி பதிவானதை நான் கண்டதில்லை.

இந்த ஏற்பாடு தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1966இல் நம் நாடு ஒரு கோடி டன் அளவுக்கு அயல்நாட்டுத் தானியத்தைக் கப்பலில் வரவழைத்து உண்டது. அத்தகைய காலத்தில் 1965 ஜனவரி 14ஆம் நாள் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் புதிய விதையும் உரமும் பாசனமும் உறுதியான விலையும் கிடைத்தன, பஞ்சம் நீங்கிற்று. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. என் பாட்டனார் காலத்தில் ஆடி மாதம் அடுப்பெரியாத வீடுகள் எங்கள் ஊரில் உண்டாம், இன்று இல்லை. அந்த அரிசியைக் குறை கூறுகிறவன் பசியறியாதவனாகத்தான் இருப்பான்.

ஆயினும் ஒரு தட்டில் மட்டும் படிக்கல்லை வைத்துக்கொண்டே போனால் மற்றத் தட்டு மேலே போய்விடும் அல்லவா? 1960-61இல் இந்தியாவில் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சம் ஹெக்டேரில் சோளம் விளைந்தது; அண்மை ஆண்டுகளில் அது நாற்பது லட்சம் ஹெக்டேர் அளவுக்கு இறங்கிவிட்டது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி முதலிய சிறு தானியங்களின் பரப்பு 1950-51இல் ஏறத்தாழ 46 லட்சம் ஹெக்டேர். இன்று 5 லட்சத்துக்கும் கீழே.

அரசு ஆதரவு விலை அறிவிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டால் ஒன்றுக்குச் சாதாரண நெல் 2,369 ரூபாய், கம்பு 2,775, மால்தண்டிச் சோளம் 3,749, கேழ்வரகு 4,886. படிக்க இனிக்கிறது. ஆனால் இப்பட்டியலில் சிறுதானியமாக உள்ளவை சோளம், கம்பு, கேழ்வரகு ஆகிய மூன்றே. குதிரைவாலிக்கு அப்படியொரு விலையே இல்லை. உள்ளவற்றுக்கும் விலை அறிவிப்பது வேறு. சாக்கோடு வந்து வாங்குவது வேறு. வாங்கும் இடங்களில் பயிர் நிற்கிறது. கர்நாடகத்தில் கேழ்வரகை அரசே கொள்முதல் செய்து ரேஷனில் வழங்குகிறது. ஒடிசா 2017 முதல் இதற்கென்று ஓர் இயக்கமே நடத்தி வருகிறது. நம் மாநிலத்திலும் 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். "வாங்குகிறவன் யார்?" என்று என் தந்தையார் முதலில் கேட்ட கேள்வியே இத்துறையின் முழுக் கேள்வி என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

இனி, நாம் வாழும் இந்தச் சோலாப்பூரைப் பாருங்கள். இங்கே சோளம் இன்னும் உணவாகவே இருக்கிறது. கடக் பாக்ரி என்னும் மொறுமொறுப்பான சோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் இல்லாத வீடு இவ்வூரில் அரிது. ஏன் இங்கே நின்றது, எங்கள் ஊரில் ஏன் போயிற்று? இதை எனக்கு விளக்கியவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார். அவரை நாங்கள் மாவ்ஷி என்று அழைப்போம். மராத்தியில் தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது. அவருடைய பிறந்தகம் சோளத்துக்குப் பெயர்போன மங்கள்வேடாப் பக்கம். ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் அவருடைய தம்பி நான்கு மூட்டை மால்தண்டிச் சோளம் கொண்டுவந்து இறக்குவார்.

"தானியத்துக்காக மட்டும் நாங்கள் விதைப்பதில்லை, தட்டைக்காக விதைக்கிறோம். மாட்டுக்குத் தட்டை, எங்களுக்கு மணி. மழை குறைந்த வருஷத்தில் தட்டை விலை மணியின் விலையை எட்டிப் பிடிக்கும்" என்றார் மாவ்ஷி.

இங்குள்ள சோளமும் எங்கள் கரிசல் பயிரைப் போன்றதே. மழை ஓய்ந்த பின் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். கரிய மண் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தைக் குடித்தே வளர்ந்து மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். தட்டையை நூறு கட்டு இன்ன விலை என்று தனியே விற்கிறார்கள். ஆக, ஒரே செடியில் இரண்டு வரவு. அடுத்தது, சோளத்துக்கு உமி இல்லை. அடித்துத் தூற்றினால் நேரே மாவு மில்லுக்குக் கொண்டு போகலாம். மாவு மில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. தொலைவு ஆலையும் இருமுறை வாடகையும் இங்கே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்பவர் பக்கத்திலேயே இருக்கிறார். அதையும் விருந்துக்கு ஒருமுறை என்றில்லாமல் நாள்தோறும் உண்கிறார்.

அப்படியிருந்தும் இங்கும் சோளம் குறைந்துதான் வருகிறது. 1980இல் உஜனி அணை முடிந்த பின் கால்வாய்த் தண்ணீர் வந்த இடமெல்லாம் கரும்பு ஏறிவிட்டது. "என் தம்பி மகன் சோளக் கதிர் அறுக்க ஆள் தேடி அலுத்துவிட்டான். கரும்பு என்றால் ஆலைக்காரனே ஆள் அனுப்புகிறான்" என்று மாவ்ஷி சொன்னார். வாங்குகிறவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால் எந்தக் குடியானவனும் அந்தப் பயிரைத்தானே வைப்பான்?

உமியைப் பற்றிச் சொன்னேன். அதில் வேறொரு கணக்கும் அடங்கியிருக்கிறது. சென்ற ஆண்டு என் தாயார் சோலாப்பூர் வந்திருந்தபோது, நான் மாவ்ஷி வீட்டாரிடம், "எங்கள் தாயார் காலத்தில் வேளைக்கு வேளை குதிரைவாலிச் சோறுதான். அந்தச் சத்தெல்லாம் இப்போது எங்கே?" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். தாயார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"சத்தைப் பற்றி நீ பேசாதே, தம்பி. உரலில் குத்தியவள் நான். ஒரு படி அரிசிக்கு எத்தனை உலக்கை என்று உனக்குத் தெரியுமா? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் மாதம் வரை குத்தியிருக்கிறேன். ரேஷன் அரிசி வந்த அன்றைக்குத்தான் என் தோளுக்கு ஓய்வு வந்தது."

எனக்கு அதன்பின் பேச்செழவில்லை. பழைய நாளில் குதிரைவாலிச் சோறு மலிவாக இருந்ததற்குக் காரணம், பெண்களின் தோளுக்கு யாரும் கூலி எழுதாததுதான். அந்தக் கூலியையும் சேர்த்திருந்தால் அன்றே அது அரிசியைவிட விலை கூடிய உணவாக இருந்திருக்கும். ஆகவே பழங்காலம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படுவதில் பொருளில்லை. அதைத் திருப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள், சம்மதிக்கவும் கூடாது. வேண்டுவது உலக்கை அன்று. ஊருக்கு அருகில் ஓர் இயந்திரமும் உறுதியான வாடிக்கையும் ஆகும்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பின்பு எனக்குத் தோன்றியது ஒன்று. உண்பவர் நாம், விதைப்பவர் அவர். நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் நாம், "நல்ல தானியம், விதையுங்கள்" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். மழை பொய்த்தால் நஷ்டம் அவருக்கு. விலை சரிந்தால் நஷ்டம் அவருக்கு. நம் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைவதில்லை. நஷ்டத்தில் பங்கு கொள்ளாதவனுக்கு விதைக்கச் சொல்லும் உரிமை இல்லை. 2023இல் நான் தந்தையாருக்குச் செய்தது அத்தகைய அறிவுரைதான்.

ஆகவே பொங்கல் விழாவில் கேட்ட அன்பருக்கு நான் கூறும் மறுமொழி இது. ஒரு மூட்டை வரவழைக்கலாம். ஆனால் தை மாதம் கேட்டுப் பயனில்லை, ஆவணியில் கேட்க வேண்டும். என் தந்தையார் அரை ஏக்கரில் குதிரைவாலி போடுவதாக வைத்துக்கொள்வோம். முன்பு கண்ட விளைச்சலே வந்தால் 225 கிலோ தானியம். கிலோவுக்கு 45 ரூபாய் என்று நாமே விலை முடிவு செய்தால் 10,125 ரூபாய். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் மகளிர் குழு ஒன்று உமி நீக்கும் சிறு இயந்திரம் வைத்திருக்கிறது. கிலோவுக்கு ஆறு ரூபாய் வீதம் கூலி 1,350. சாக்கும் சோலாப்பூர் வரை வாடகையும் ஏறத்தாழ 1,800. ஆக 13,275 ரூபாய்க்கு 135 கிலோ அரிசி கிடைக்கும். கிலோ நூறு ரூபாய்க்கு உள்ளேயே அடங்குகிறது. பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் குடும்பத்துக்குப் பதினொரு கிலோ. மாதம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உமி நீக்கியது கெடும் என்பதால் ஒரே தடவையில் அரைக்காமல் இரண்டு தவணையாக அரைத்து அனுப்பச் சொல்லலாம்.

தந்தையாருக்கோ, அரை ஏக்கர்ச் செலவு ஏறத்தாழ 5,800 போக, 4,300 ரூபாய் நிற்கும். மக்காச்சோளம் தரும் லாபத்தை இது இன்னும் எட்டவில்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் நூறு ரூபாய் எங்கே, இது எங்கே! படைப்புழுவுக்கு மருந்தடிக்கும் கவலையும் இல்லை.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. விதைப்புக்கு முன்பே குடும்பத்துக்கு 300 ரூபாய் வீதம் 3,600 ரூபாய் முன்பணம் அனுப்ப வேண்டும். மழை பொய்த்துப் போனால் அப்பணத்தைத் திருப்பிக் கேட்கலாகாது. அந்த முந்நூறு ரூபாயே நஷ்டத்தில் நம் பங்கு. ஒரு குடும்பம் திரைப்படத்துக்குப் போய்வரும் செலவுக்கு மேல் இராது. ஆனால் வாங்குகிறவன் யார் என்ற கேள்விக்கு அது ஒரு விடை.

இதனால் நாட்டின் சிறுதானியப் பொருளாதாரம் திருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு அரசின் கொள்முதலும், வட்டாரத்துக்கு ஓர் ஆலையும், ரேஷன் கடையில் ஓர் இடமும் வேண்டும். பன்னிரண்டு வீடுகளால் ஆகக்கூடியது அரை ஏக்கர்தான். அந்த அரை ஏக்கராவது கணக்குச் சரியாக நிற்கட்டும் என்பதே என் ஆசை.

இத்திட்டத்தைச் சென்ற ஞாயிறன்று தந்தையாரிடம் தொலைபேசியில் விளக்கினேன். இம்முறை "போடுங்கள்" என்று சொல்லவில்லை. கணக்கை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் முழுதும் கேட்டார்.

"முன்பணம் திருப்ப வேண்டாம் என்று யார் சொன்னது? நீயா, அவர்களா?" என்றார்.

"இன்னும் நான் மட்டுந்தான், அப்பா. அவர்களிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்."

"கேட்டுவிட்டுச் சொல். விதை வீட்டிலேயே இருக்கிறது, அந்த வருஷத்து மணியில் ஒரு மரக்கால் விற்காமல் வைத்தேன்" என்றார்.

நூறு ரூபாய் மிஞ்சிய அந்த ஆண்டிலும் அவர் விதை எடுத்து வைத்திருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன். அருகில் நின்ற என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, செலவுப் பெட்டியிலிருந்து முந்நூறு ரூபாய் எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். பன்னிரண்டில் ஒரு பங்கு ஆயிற்று. மீதிப் பதினொன்றுக்கு, விருப்பமுள்ள குடும்பத்தார் ஆவணி பிறப்பதற்குள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.